குழந்தை கொஞ்சம் பெரிசா இருக்கு

ஒன்பதாம் மாதம் நடக்கும் பெண் உள்ள வீடுகளில் இப்போதெல்லாம் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழுகிறது: "குழந்தை கொஞ்சம் பெரிசா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க." இதைச் சொல்லும்போது பாட்டிமார் முகத்தில் பெருமையும், அந்தப் பெண்ணின் முகத்தில் கலக்கமும் தெரியும். அடுத்த வாக்கியம் பெரும்பாலும் தேதியைப் பற்றியது. அதற்கும் அடுத்தது, அந்தத் தேதியில் எமகண்டம் எத்தனை மணிக்கு என்பது. முதல் வாக்கியத்திற்கும் இரண்டாவது வாக்கியத்திற்கும் நடுவே என்ன நடந்தது, யார் எதைச் சொன்னார்கள், யார் எதைக் கேட்டார்கள் என்பதுதான் சில ஆண்டுகளாக என் மனத்தில் அடங்காமல் கிடக்கிறது. நான் மருத்துவம் படித்தவள் அல்லள். தணிக்கை அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்ப்பவள். ஓர் எண் இன்னோர் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் உறுத்துவது எங்கள் தொழிலோடு வரும் நோய்.

என்னை உறுத்திய எண்கள் இரண்டும் என் சித்தி மகளின் முதல் பிரசவத்தைச் சேர்ந்தவை. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. உயரம் ஐந்தடிக்கு ஓரிரு அங்குலம் கூடுதல். சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. குழந்தையின் தலை கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. முப்பத்தெட்டாவது வாரத்து ஸ்கேனில் குழந்தையின் எடை 3.6 கிலோ என்று அச்சாகி வந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றில் தொடக்கத்திலிருந்து அவளைப் பார்த்துவந்த மருத்துவர் அந்தத் தாளை ஒரு முறை பார்த்துவிட்டு, குழந்தை பெரிது, இடுப்பெலும்பு சிறிது, வலி வரும்வரை காத்திருந்து கடைசியில் அவசரமாக அறுப்பதைவிட இப்போதே திட்டமிட்டுச் செய்துவிடுவது நல்லது என்றார். கனிவாகத்தான் சொன்னார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் எழுந்து கதவருகே வருவதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்துக்குள், சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. எடை 3.1 கிலோ.

தாயும் சேயும் நலமாக இருந்தார்கள். "பெரிசுன்னாங்க, பார்த்தா சின்னதாத்தான் இருக்கா" என்று சித்தி சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. அரைக் கிலோ எங்கே போனது என்று யாரிடம் கேட்பது? கேட்டால் நன்றாக முடிந்த ஒரு காரியத்தில் குற்றம் காண்பவளாகத்தான் தெரிவேன் என்பதால் வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. படிக்க ஆரம்பித்தேன்.

தராசில் ஏறாத எடை

ஸ்கேன் கருவி குழந்தையை எடை போடுவதில்லை. தலையின் குறுக்களவு, தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றைத் திரையில் அளந்து, அந்த அளவுகளை ஒரு சூத்திரத்தில் இட்டு எடையைக் கணக்கிடுகிறது. பரவலாகப் பயன்படுவது ஹேட்லாக் என்னும் அமெரிக்க ஆய்வாளரின் பெயரால் 1980களில் வந்த சூத்திரம். அந்தக் கணக்கு உண்மையான எடையிலிருந்து பத்து விழுக்காடு கூடவோ குறையவோ இருப்பது மிகச் சாதாரணம். பதினைந்து விழுக்காடு வரை விலகுவதும் அரிதன்று. குழந்தை பெரிதாகப் பெரிதாக மதிப்பீடு இன்னும் தடுமாறும். ஆக, 3.6 என்று அச்சிடப்பட்ட தாள் உண்மையில் சொல்வது ஏறக்குறைய 3.1 முதல் 4.1 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதைத்தான். காணாமல் போன அரைக் கிலோவுக்குக் கணக்கு கிடைத்துவிட்டது. ஸ்கேன் செய்தவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. அந்தக் கருவிக்கு உரிய சாதாரண விலகல்தான் அது. தாளில் எண் மட்டும் பெரிதாக இருந்தது, விலகலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

சரி, எத்தனை கிலோ இருந்தால் குழந்தை பெரிது? மருத்துவ நூல்கள் 4 கிலோ என்கின்றன, சில 4.5 கிலோ என்கின்றன. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சர்க்கரை இல்லாத தாய்க்கு மதிப்பிட்ட எடை 5 கிலோவும், சர்க்கரை உள்ள தாய்க்கு 4.5 கிலோவும் எட்டினால் திட்டமிட்ட சிசேரியனைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் சராசரி எடை 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நம் பெண்களின் உயரமும் வேறு. ஆகவே அந்த எல்லையை அப்படியே இங்கே நட்டுவைக்க முடியாது என்று ஒரு மருத்துவர் வாதிட்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அப்படி வாதிடுபவர் இங்குள்ள எல்லை எதுவென்று சொல்ல வேண்டும். எங்கள் உறவு வட்டத்தில் நான் கேட்டறிந்தவரை 'பெரிசு' என்பது மூன்றே கால் கிலோ மதிப்பீட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

'இடுப்பெலும்பு சிறிது' என்பதும் இதே வகைதான். பிரசவ வலியின்போது குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவித் தலை குறுகும். தாயின் இடுப்பு மூட்டுகள் தளர்ந்து விரியும். அவள் குந்தினாலோ பக்கவாட்டில் திரும்பிப் படுத்தாலோ வழியின் வடிவமே மாறும். தலை இந்த இடுப்பில் இறங்குமா என்பதை, வெளிப்படையான எலும்புக் கோளாறு இருந்தாலன்றி, வலி வருவதற்கு முன்பு உறுதியாகச் சொல்ல வழியில்லை. வலி வந்து, கருப்பை வாய் திறந்து, மணிக்கணக்கில் முன்னேற்றத்தைக் குறித்துப் பார்த்த பிறகுதான் தெரியும். ஒரு சிறிய அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடியதன்று அது.

இந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டிய ஓர் அமெரிக்கக் கருத்தாய்வு உண்டு. 2011, 2012 ஆண்டுகளில் குழந்தை பெற்ற, முன்பு சிசேரியன் ஆகாத தாய்மாரைக் கேட்டதில், ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் குழந்தை பெரிதாகிவருகிறது என்று சொல்லப்பட்டிருந்தது. அப்படிச் சொல்லப்பட்டவர்களின் குழந்தைகளில் 4 கிலோவை எட்டியவை ஐந்தில் ஒன்றுதான். மீதிப் பேர் பெரிய குழந்தை என்ற பயத்தோடு சாதாரணக் குழந்தையைப் பெற்றார்கள். சொல்லப்பட்ட பெண்கள் தாங்களாகவே சிசேரியன் கேட்பதும் கூடியிருந்தது. நம் மாநிலத்துக்கு இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சிசேரியன் விகிதம் 2015-16இல் 34.1 விழுக்காடாக இருந்து 2019-21இல் 44.9 விழுக்காடாயிற்று, தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36.0. ஒரே உடலமைப்புள்ள பெண்கள் எந்த வாசலில் நுழைகிறார்கள் என்பதைப் பொறுத்து இடுப்பெலும்பு இத்தனை மாறுமா என்று நான் கேலியாக எழுதிவைத்த குறிப்பு இன்னும் என் டைரியில் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் என் கட்டுரை ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தது. பணத்துக்காகச் செய்கிறார்கள் என்ற, எல்லோரும் எழுதும் கட்டுரை.

தோள்

அதைக் கெடுத்தவர், எங்கள் தெருவில் குடியிருக்கும், அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் பணிக்காலம் முழுவதும் இருந்து ஓய்வுபெற்ற மருத்துவர். தெருவில் எல்லோருக்கும் டாக்டர் அம்மா. என் எண்களை எல்லாம் அவரிடம் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, தோள் மாட்டிக்கிட்டு நீங்க பார்த்ததில்லையே" என்றார்.

பிறகு அவர் விவரித்ததை இங்கே முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். தலை வெளியே வந்துவிடும். வந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கும் அந்த நொடியில், ஆமை தலையை ஓட்டுக்குள் இழுப்பது போல் அது பின்னோக்கி இழுத்துக்கொள்ளும். முன்பக்கத் தோள் தாயின் இடுப்பு முன்னெலும்பின் பின்னால் மாட்டியிருக்கும். தலை வெளியே, மார்பு உள்ளே, மூச்சு விட முடியாது, தொப்புள்கொடி நசுங்கிக்கொண்டிருக்கும். அறையில் உள்ளவர்களுக்கு இருப்பது சில நிமிடங்கள்தான். தலையைப் பிடித்து இழுத்தால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் கிழியும், கை வாழ்நாள் முழுவதும் தொங்கிப்போகலாம். இழுக்காமல் நின்றால் மூளைக்கு ஆக்ஸிஜன் போகாது. இதற்கு ஆங்கில மருத்துவத்தில் ஷோல்டர் டிஸ்டோசியா என்று பெயர். ஆயிரம் சுகப்பிரசவங்களுக்கு ஒரு சிலவற்றிலிருந்து முப்பது வரையில் இது நேரும் என்று நூல்கள் கணக்குச் சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எந்தச் சேதமும் இல்லாமல் முடிகின்றன. "அந்தப் பெரும்பாலானது எங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஒரு தடவை ஒண்ணு தப்பிப்போனதைப் பார்த்தவங்க, அடுத்த பத்து வருஷத்துக்கு எல்லாக் குழந்தையையும் பெரிசாத்தான் பார்ப்பாங்க" என்றார் டாக்டர் அம்மா.

அவர் கண்ட மிக மோசமான தோள் சிக்கல் மூன்றே கால் கிலோக் குழந்தைக்கு நேர்ந்தது. இதை அவர் சொன்னபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. ஆனால் இது விதிவிலக்கன்று. தோள் சிக்கல்களில் ஏறக்குறைய பாதி 4 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத்தான் நேர்கின்றன, ஏனென்றால் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த எடைதான். ஆகவே பெரிய குழந்தை என்று சந்தேகப்படும் எல்லோரையும் அறுத்தாலும் இந்தப் பயம் மருத்துவரை விட்டுப் போவதில்லை. 1996இல் ரௌஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் போட்ட கணக்கு ஒன்று உண்டு: சர்க்கரை இல்லாத தாய்மாரில், ஸ்கேனில் 4.5 கிலோ என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சிசேரியன் செய்தால், நிரந்தரமான ஒரு நரம்புச் சேதத்தைத் தடுக்க 3,695 அறுவைகள் தேவைப்படும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதே எண் 443. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. தாயின் இரத்தத்தில் சர்க்கரை கூடினால் குழந்தையின் கொழுப்பு தோளிலும் உடற்பகுதியிலும் சேரும், தலை அதற்கேற்ப வளராது. தலை வந்த வழியில் தோள் வராது. சர்க்கரையுள்ள தாயின் 4 கிலோவும் சர்க்கரையில்லாத தாயின் 4 கிலோவும் தராசில் ஒன்று, வழியில் ஒன்றில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்யப்படுகிறது; சென்னை மருத்துவர் வி. சேஷய்யா விடாமல் வலியுறுத்தியதன் பயன் அது. எந்தப் பெண்ணின் பெரிய குழந்தையைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட வேண்டும் என்று பிரித்தறியும் வசதி இங்கே பல நாடுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டுதான் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறோம்.

தோள் மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டேன். அவர் தன் வீட்டு ஊஞ்சலில் சாய்ந்துகொண்டு, முழங்கால்களைப் பற்றித் தொடைகளை வயிற்றோடு சேர்த்து மடக்கிக் காட்டினார். அப்படி மடக்கினால் இடுப்பெலும்பின் கோணம் மாறும். பாதிக்குக் குறையாத சிக்கல்கள் அதிலும், அடிவயிற்றில் முன்னெலும்புக்குச் சற்று மேலே கொடுக்கும் அழுத்தத்திலும் விடுபட்டுவிடும். அமெரிக்க மருத்துவர் மெக்ராபர்ட்ஸ் பெயரால் அறியப்படும் முறை இது. அதில் விடுபடாவிட்டால் கையை உள்ளே விட்டுப் பின்புறத் தோளைச் சுழற்றியோ, பின்புறக் கையை முதலில் எடுத்தோ, தாயைக் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் நிலைக்குத் திருப்பியோ எடுக்கலாம். இந்தக் கடைசி முறையை மருத்துவ உலகுக்குக் கொண்டுபோனவர் ஐனா மே காஸ்கின் என்ற அமெரிக்க மருத்துவச்சி. குவாத்தமாலாவின் மருத்துவச்சிகளிடமிருந்து வந்தது அது. செய்யவே கூடாதது மேல்வயிற்றை அமுக்குவது, ஏனென்றால் அது தோளை எலும்பின்மேல் இன்னும் இறுக்கும். "பதட்டத்துல எல்லாரும் முதல்ல அதைத்தான் பண்ணுவாங்க" என்றார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து சவுத்மீட் மருத்துவமனையில் பிரசவ வார்டு ஊழியர் எல்லோருக்கும் ஆண்டுதோறும் பொம்மையை வைத்து இந்தப் பயிற்சியைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுத் தரவுகளை 2016இல் வெளியிட்டபோது, பயிற்சி நிலைபெற்ற பிந்தைய ஆண்டுகளில் ஒரு குழந்தைக்குக்கூட நிரந்தர நரம்புச் சேதம் இல்லை. யாரை அறுப்பது என்ற கேள்விக்குச் செலவான கவனத்தில் ஒரு பங்கை இந்தப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தால் நம் ஊர் மருத்துவர்களின் பயமும் குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிளம்பும்போது டாக்டர் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "இந்தத் தோள் விஷயத்தை அந்த டாக்டர் உங்ககிட்ட சொன்னாங்களா?" இல்லை என்றேன். குழந்தை பெரிசு, இடுப்பு சின்னது, அவ்வளவுதான். அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "நானும் யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்க வார்டுல பெரிய குழந்தைன்னா வலி வரட்டும், பார்ப்போம்னு விடுவோம். அவங்க கத்தியை எடுக்கறாங்க, நாங்க எடுக்கல. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாததுல ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

நான் எழுதி முடித்துவிட்டதாக நினைத்த கட்டுரை அங்கே உடைந்தது. அறுப்பதா வேண்டாமா என்பதைச் சுற்றியே என் எண்கள் எல்லாம் நின்றிருந்தன.

லனார்க்‌ஷரில் ஒரு பிரசவம்

டாக்டர் அம்மா சொன்னதற்கு உலகில் மிகத் தெளிவான சான்று ஸ்காட்லாந்தில் இருக்கிறது. 1999 அக்டோபர் 1ஆம் தேதி, லனார்க்‌ஷர் பகுதியின் பெல்ஷில் மகப்பேறு மருத்துவமனையில் நடீன் மாண்ட்கோமரி என்ற பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவர் ஐந்தடிக்குச் சற்றே மிகுந்த உயரம். இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை நோய் உள்ளவர். மூலக்கூறு உயிரியல் படித்தவர். தாயும் சகோதரியும் மருத்துவர்கள். குழந்தை பெரிதாக இருப்பதைப் பற்றித் தம் மருத்துவரிடம் அவர் ஒரு முறைக்கு மேல் கவலை தெரிவித்திருந்தார். சர்க்கரை உள்ள தாய்மாருக்குத் தோள் சிக்கும் வாய்ப்பு 9 முதல் 10 விழுக்காடு என்பது அந்த மருத்துவருக்குத் தெரியும். ஆனாலும் அதை அவர் சொல்லவில்லை. முப்பத்தாறாம் வார ஸ்கேனை வைத்துப் பிறப்பு எடை 3.9 கிலோ இருக்கும் என்று அவர் கணித்திருந்தார். உயரம் குறைவு என்பதால் இந்தப் பெண்ணுக்குச் சிசேரியனைப் பற்றிப் பேச 4 கிலோவைத் தன் எல்லையாக வைத்திருந்தார். மேலும் ஒரு ஸ்கேன் எடுத்தால் பெண் இன்னும் கலங்குவார் என்று அதையும் தவிர்த்தார். தலை வெளிவந்ததற்கும் உடல் வெளிவந்ததற்கும் இடையே 12 நிமிடங்கள் ஆயின. குழந்தைக்கு மூளை வாதமும் ஒரு கையில் நரம்புச் சேதமும் ஏற்பட்டன.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு அந்த மருத்துவர் நீதிமன்றத்தில் கொடுத்த விளக்கத்தை நான் பலமுறை வாசித்தேன். உண்மையான கடும் பாதிப்பின் வாய்ப்பு மிகக் குறைவு. தோள் சிக்கலைப் பற்றிச் சொன்னால் சர்க்கரையுள்ள பெண்கள் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள். அது தாய்மாரின் நலனுக்கு உகந்ததன்று. கெட்ட எண்ணம் எதுவும் இதில் இல்லை. பணமும் இல்லை, அது இலவச அரசு மருத்துவமனை. நம் ஊர் மருத்துவரின் எண்ணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஸ்கேன் மதிப்பீடு இவ்வளவு விலகலாம் என்று சொன்னால், காத்திருந்து பார்க்கலாம் என்று சொன்னால், பெண் காத்திருக்க விரும்புவாள். அது அவளுக்கு நல்லதன்று. முடிவுகள் நேர் எதிரானவை. அங்கே கத்தி தவிர்க்கப்பட்டது, இங்கே எடுக்கப்படுகிறது. இரண்டு இடத்திலும் தெரிந்தால் அவள் தவறாக முடிவெடுத்துவிடுவாள் என்ற ஒரே நம்பிக்கைதான் வேலை செய்கிறது.

நடீன் மாண்ட்கோமரி ஸ்காட்லாந்து நீதிமன்றங்களில் இரண்டு முறை தோற்றார். 2015 மார்ச் 11ஆம் தேதி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, இழப்பீடு 52.5 இலட்சம் பவுண்டு. அதுவரை, பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்று காட்டினாலே மருத்துவர் தப்பிக்க முடிந்தது. இனி, அந்த நிலையில் உள்ள ஒரு பெண் எதைத் தெரிந்துகொள்வது முக்கியம் என்று கருதுவாளோ அதைச் சொல்லியாக வேண்டும் என்று நீதிமன்றம் வரையறுத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் ஒப்புதலைப் பற்றி விரிவாகப் பேசி, மயக்கத்தில் இருந்த பெண்ணின் சம்மதமின்றிக் கருப்பையை அகற்றியது தவறென்று தீர்ப்பளித்தது; ஆனால் எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற இடத்தில் மருத்துவர் தொழிலின் வழக்கத்தையே அளவுகோலாக நிறுத்தியது. நம் நாட்டு நிலைமைகளைக் கருதி எடுத்த முடிவு அது. நம் நாட்டு நிலைமை என்று சொல்லி எவ்வளவு காலம் பெண்களுக்குக் குறைவாகச் சொல்லிக்கொண்டிருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவர் தரப்பில் எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஒரு நாளில் அறுபது, எழுபது கர்ப்பிணிகளைப் பார்ப்பவரிடம் நிகழ்தகவைப் பற்றிப் பேச நேரம் எங்கே இருக்கிறது? சிசேரியன் செய்து ஏதாவது ஆனால், எல்லாம் செய்தும் முடியவில்லை என்று ஊர் பேசும். சுகப்பிரசவத்துக்குக் காத்திருந்து ஏதாவது ஆனால், ஏன் முன்பே ஆபரேஷன் செய்யவில்லை என்று மருத்துவமனைக் கண்ணாடிகளை உடைக்கும். 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு கர்ப்பிணியின் சாவைத் தொடர்ந்து அவர் கணவர் ஒரு பெண் மருத்துவரைக் கொலை செய்தார். தமிழகம் முழுவதும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்ததை நம்மில் பலர் மறந்திருக்கலாம், மருத்துவர்கள் மறக்கவில்லை. மேலும், காத்திருப்பதே சரி என்றும் ஆய்வுகள் ஒரேயடியாகச் சொல்லவில்லை. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், பெல்ஜியம் நாடுகளில் 822 பெண்களிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வில், பெரிய குழந்தை என்று சந்தேகப்பட்டவர்களுக்குச் சற்று முன்கூட்டியே வலி வரவழைத்ததில் தோள் சிக்கல் கணிசமாகக் குறைந்தது, சிசேரியனும் கூடவில்லை. 2025இல் வெளிவந்த பிரிட்டனின் பெரிய ஆய்வில் அந்த வேறுபாடு சுருங்கிவிட்டது: முப்பத்தெட்டாம் வாரத்தில் வலி வரவழைத்தவர்களில் 2.3 விழுக்காடு, காத்திருந்தவர்களில் 3.1. இரண்டு ஆய்வுகளிலும் நான் கவனித்தது வேறொன்று. கத்திக்கும் காத்திருப்புக்கும் நடுவே மருந்து கொடுத்து வலி வரவழைக்கும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. என் சித்தி மகளிடம் அதன் பெயர்கூடச் சொல்லப்படவில்லை.

அவள் இப்போது இரண்டாவது குழந்தையையும் பெற்றுவிட்டாள். இந்த முறை ஐந்தாம் மாதத்திலேயே சர்க்கரை தெரிந்துவிட்டது. வேறு மருத்துவமனை, வேறு மருத்துவர். கடைசி ஸ்கேனில் 3.7 கிலோ வந்தபோது அந்த மருத்துவர் தாளின் பின்பக்கத்தில் எழுதியே காட்டினாராம்: இந்த எண் முன்பின்னாக இருக்கலாம், சர்க்கரை இருப்பதால் தோளைப் பற்றிய கவலை போன முறையைவிட உண்மையானது, முதல் குழந்தை சிசேரியன் என்பதால் வலி வந்தால் பழைய தையல் விடும் வாய்ப்பு இருநூறில் ஒன்று போல, ஆனாலும் முயன்று பார்க்க விரும்பினால் இரத்த வங்கியும் அறுவை அரங்கும் உள்ள இடத்தில் தான் கூட நின்று பார்ப்பதாகவும், இரண்டு நாள் யோசித்துவிட்டு வரும்படியும் சொன்னார். கணவனும் மனைவியும் இரண்டு இரவு பேசினார்கள். எனக்கும் தொலைபேசியில் அழைத்தாள். நான் எனக்குத் தெரிந்த எண்களைச் சொன்னேனே தவிர என் விருப்பத்தைச் சொல்லவில்லை. அவள் சிசேரியனைத் தேர்ந்தெடுத்தாள். பையன் 3.8 கிலோ.

சித்திக்கு இதில் கடைசிவரை எரிச்சல்தான். "போன தடவை அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிச்சாங்க. இந்த டாக்டர் ரெண்டு நாள் எங்களைத் தூங்க விடாம பண்ணிட்டு அதே ஆபரேஷனைத்தானே பண்ணாங்க?" என்று என்னிடம் கேட்டார். சித்தி மகள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "அதே ஆபரேஷன் இல்லம்மா" என்றாள். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை, அந்த வாக்குவாதம் எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.